நல்லதங்காள் நாடகம்: கிணத்தை விட்டுட்டு அடுப்படியில இருந்து ஆரம்பிங்க

நல்லதங்காள் கதைய எடுக்கற காலேஜ் டீம் எல்லாம் மொத்த உழைப்பையும் கொண்டு போய் அந்தக் கிணத்து சீன்லதான் கொட்டுவாங்க, ஏன்னா கதை பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அதுதான், ஏழு பிள்ளைகளையும் கிணத்துல தூக்கிப் போட்டுட்டுத் தானும் குதிச்ச அம்மா. ஆனா மேடையில அந்த சீன் நிக்குமா விழுமாங்கறது அதுக்கு ரொம்ப முன்னாடியே, அவ அண்ணன் பொண்டாட்டி மூளி அலங்காரி வீட்டு அடுப்படியிலயே முடிவாயிடுது. எங்க காலேஜ் ஜூனியர்ஸ் போட்ட நாடகத்தைக் கடைசிக் கட்டத்துல கூட உக்காந்து செதுக்கினப்போ இத நான் கண்ணால பாத்தேன், இதே மாதிரி இருட்டான கதை எதையாவது எடுக்கற பசங்களுக்கு உதவும்னுதான் இவ்ளோ விவரமா எழுதறேன்.

மதுரைப் பக்கம் ஒரு காலேஜ். நான் படிச்சப்போ அந்த நாடகக் குழுவுல இருந்தவன், இப்ப வேலைக்குப் போயிட்டாலும் சாயங்காலம் முடிஞ்சப்போ போய் நிப்பேன். ஸ்கிரிப்ட் ரெடி, யார் எங்க நிக்கணும் எங்க நடக்கணுங்கறது முடிவாயிடுச்சு, எல்லாருக்கும் டயலாக் மனப்பாடம், ஷோவுக்குச் சில வாரம் இருக்கு, "அண்ணே ஒரு ரன் வந்து பாருங்கண்ணே"ன்னு கூப்பிட்டாங்க, ரன்னா முழு நாடகத்தையும் நிறுத்தாம ஒரு தடவை ஓட்டிப் பாக்கறது. நிறைய டீம் இந்த இடத்துல நாடகம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு காஸ்ட்யூம் வாடகைக்கு அலைய ஆரம்பிச்சிடுவாங்க, என்னயக் கேட்டா உண்மையான வேலையே இங்கதான் ஆரம்பிக்குது.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். மானாமதுரையில காசிராஜனுக்கு வாக்கப்பட்டவ நல்லதங்காள். பன்னெண்டு வருஷம் மழை இல்ல, பஞ்சம், ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் பொறந்த ஊரான அர்ச்சுனாபுரத்துக்கு அண்ணன் நல்லதம்பி வீட்டைத் தேடி வர்றா. அந்த அர்ச்சுனாபுரம் இப்பவும் இருக்கு, விருதுநகர் மாவட்டத்துல வத்திராயிருப்புப் பக்கம், நல்லதங்காளுக்குக் கோயிலும் இருக்கு. அண்ணன் வீட்ல இல்லாத நேரம் அண்ணன் பொண்டாட்டி மூளி அலங்காரி கதவைச் சாத்தறா, அப்புறம் சமைச்சுக்கோன்னு ஓட்டைச் சட்டியும் எரிக்கறதுக்குப் பச்சை வாழைமட்டையும் எடுத்துக் குடுக்கறா, அந்த அவமானமும் பசியும் தாங்காமத்தான் கிணறு. சிவனும் பார்வதியும் வந்து எல்லாரையும் எழுப்பறதா முடியற வடிவமும் உண்டு. பெரிய எழுத்துல அச்சடிச்ச கதைப் புத்தகமா, வில்லுப்பாட்டா, கூத்தா, தோல்பாவையான்னு அது அதுக்குத் தகுந்த மாதிரி கதை கொஞ்சம் கொஞ்சம் மாறும், எங்க பசங்க பெரிய எழுத்துப் புத்தகத்தையும் ஊர்ல பெரியவங்க சொன்னதையும் சேத்து ஐம்பது நிமிஷ நாடகமா பண்ணியிருந்தாங்க.

முதல்ல ஒரு சண்டை வந்துச்சு, அதச் சொல்லியே ஆகணும். பெத்த தாயே பிள்ளைகளைக் கொல்றத மேடையில காட்டணுமா, மூளி அலங்காரி தள்ளிவிட்டதா மாத்திடலாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு, ரெண்டு மூணு பேர் அதுக்குத் தலையாட்டவும் செஞ்சாங்க. இந்த ஆசை எல்லா ஊர்லயும் வர்றதுதான். ஹான்சல் கிரேட்டல் கதைய எடுத்துக்கோங்க, அங்கயும் பஞ்சத்துல இருந்துதான் கதை ஆரம்பிக்குது, கிரிம் சகோதரர்கள் 1812-ல போட்ட முதல் பதிப்புல பிள்ளைகளைக் காட்டுல விட்டுட்டு வந்துடலாம்னு புருஷன்கிட்ட சொல்றது பெத்த அம்மா, 1840 பதிப்புல அவ மாற்றாந்தாய் ஆயிட்டா. அப்படி மாத்தினதும் படிக்கறவனுக்கு ஒரு நிம்மதி கெடைச்சிடுது, பெத்தவ இப்படிச் செய்ய மாட்டா, யாரோ ஒரு கெட்டவ செஞ்சான்னு தூங்கப் போயிடலாம். நல்லதங்காள் கதை அந்த நிம்மதிய நமக்குக் குடுக்கவே இல்ல, நம்ம பாட்டிமாருங்க அத மாத்தாமத்தான் வெச்சிருந்தாங்க, அத நாமளும் வெச்சுக்கணும்னு நான் கொஞ்சம் அழுத்தமாவே சொன்னேன். பசங்களும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா அப்படி வெச்சுக்கணும்னா ஒரு கடமை வருது, இவ ஏன் அங்க போய் நின்னாங்கறது பாக்கறவனுக்கு வயித்துல தெரியணும், காதுல சொன்னா மட்டும் பத்தாது.

முதல் ரன்ல அது தெரியல. மேடைக்கு நடுவுல தெர்மோகோல்ல செஞ்ச கிணறு, யாராவது பக்கத்துல நடந்தாலே ஆடுது, மேல செவப்பு லைட், லேப்டாப்ல இருந்து வயலினும் இடியும் ஓடுது, நல்லதங்காள் ஆரம்பத்துல இருந்தே அழறா, மூளி அலங்காரி ஆரம்பத்துல இருந்தே பல்லைக் கடிக்கறா, ஏழு பிள்ளைகளும் இருபது வயசுப் பசங்க குழந்தைக் குரல்ல "அம்மா அம்மா"ன்னு கத்தறாங்க. ஹாஸ்டல்ல இருந்து பாக்க வந்த பத்துப் பதினஞ்சு பேர் மூணாவது பிள்ளை விழுந்தப்போ சிரிச்சுட்டாங்க. டீமுக்குக் கோவம், "இவனுங்களுக்கு ரசனையே இல்லண்ணே"ன்னாங்க. ரசனையெல்லாம் இருந்துச்சு. இருபது நிமிஷமா ஒரே சுருதியில அழுகை கேட்டா மனசு தாங்க முடியாம எங்கயாவது ஒரு ஓட்டை தேடும், அந்த ஓட்டைதான் சிரிப்பு, அத நிறுத்தணும்னா மேடையில இருந்துதான் சரி பண்ணணும்.

சரி எங்கேர்ந்து ஆரம்பிச்சோம்னா, ஊமை ரன்ல இருந்து. முழு நாடகத்தையும் ஒரு வார்த்தை பேசாம நடிக்கணும், டயலாக்கை மனசுக்குள்ள சொல்லிக்கலாம், வாய் அசையக் கூடாது. இத எல்லா டீமும் ஒரு தடவையாவது பண்ணிப் பாருங்க, எது டயலாக்கால மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு, எது உடம்பால ஓடுதுன்னு பளிச்சுனு தெரிஞ்சிடும். எங்க நாடகத்துல ஊமை ரன் பண்ணினப்போ தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், யாருக்கும் பசிக்கல. மேடையில பன்னெண்டு வருஷப் பஞ்சம், ஆனா ஒருத்தர் உடம்புலயும் பசி இல்ல, துக்கம் மட்டும் இருக்கு.

பசிய நடிக்கணும்னதும் ரெண்டு பேர் நாங்க ரெண்டு நாள் பட்டினி கெடக்கறோம்ணேன்னு கெளம்பிட்டாங்க. அத அங்கயே நிறுத்தினேன். பட்டினியா வந்தா நடிப்பு வராது, மயக்கம்தான் வரும், அதுவும் நம்ம ஊர் வெயில்ல. ரிகர்சலுக்கு முன்னாடி எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேக்கறது எங்க குழுவுல ஒரு விதியாவே ஆச்சு. அதுக்குப் பதிலா 1876ல இருந்து 78 வரைக்கும் நடந்த தாது வருஷப் பஞ்சத்துல ஹூப்பர்ங்கற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மெட்ராஸ் மாகாணத்துல எடுத்த போட்டோக்களைப் பாத்தோம். கதையில வர்ற பஞ்சம் வேற, இது வேற, ஆனா உடம்பு உடம்புதான். விலா எலும்பைப் பாக்காதீங்க, அத நம்மால காட்ட முடியாது, அவங்க எப்படி உக்காந்திருக்காங்கன்னு மட்டும் பாருங்கன்னேன். யாரும் அழல, யாரும் கைய நீட்டல. கை மடியில கெடக்கு, தலை கொஞ்சம் சாஞ்சிருக்கு, அசையறதுக்குச் செலவாகற தெம்பைக் கூட மிச்சம் பிடிக்கற மாதிரி இருக்காங்க. அந்த மிச்சம் பிடிக்கறதுதான் எங்களுக்குக் கெடைச்ச திறவுகோல். அன்னைல இருந்து பிள்ளைகளா நடிச்ச பசங்க ஓடறத நிறுத்தினாங்க, குரலை ஒசத்தறத நிறுத்தினாங்க, கண்ணு மட்டும் வேலை செஞ்சுச்சு.

கண்ணுக்கு ஒரு பயிற்சி குடுத்தோம். நடுவுல ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சுட்டு, ஒருத்தர் அத எடுத்துக்கிட்டு மெதுவா அறையச் சுத்தி நடக்கணும், மத்தவங்க உடம்பை அசைக்காம கண்ணால மட்டும் அந்தக் கைய விடாமத் தொடரணும். அப்புறம் பொட்டலம் இல்லாம வெறுங்கையா. கொஞ்ச நேரத்துல வெறுங்கை போற பக்கம் எல்லாம் ஏழு ஜோடிக் கண்ணும் திரும்பறதப் பாத்தப்போ எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இத அப்படியே மூளி அலங்காரியோட சீன்ல வெச்சோம், அவ கை எங்க போகுதோ ஏழு பேரும் அங்கதான் பாப்பாங்க, அவ பேசறப்போ மூஞ்சிய யாரும் பாக்கறது கெடையாது.

அடுத்து அடுப்படி. ஸ்கிரிப்ட்ல அது ஒரு நிமிஷ சீன், "இந்தா ஓட்டைச் சட்டி, இந்தா வாழைமட்டை, பொங்கித் தின்னு"ன்னு ஒரு டயலாக், நல்லதங்காள் அழுவா, முடிஞ்சுது. அத நாலு நிமிஷத்துக்கும் மேல இழுத்தோம், பேச்சே இல்லாம. நல்லதங்காள் மூணு கல்லைக் கூட்டறா, மட்டைய முறிச்சு வைக்கறா, பச்சை மட்டை முறியாது, நார் நாரா இழுத்துக்கிட்டு வரும், நெஜ மட்டையத்தான் வாழைத் தோப்புல இருந்து எடுத்துட்டு வந்தோம், அந்த ஈர நார் இழுபடற சத்தம் பின் வரிசை வரைக்கும் கேட்டுச்சு. ஊதாங்குழலை எடுத்து ஊதறா, புடிக்கல. திரும்ப ஊதறா. பிள்ளைங்க ஒண்ணொண்ணா வந்து அடுப்பைச் சுத்தி உக்காருதுங்க, தட்டை மடியில வெச்சுக்கிட்டு. சட்டியில தண்ணி ஊத்தறா, ஓட்டை வழியா ஒழுகுது, அத ஒரு விரலால அடைச்சுக்கிட்டு இன்னொரு கையால ஊதறா. அந்த விரல் யோசனை, நல்லதங்காளா நடிச்ச பொண்ணு தானா கண்டுபிடிச்சது, நாங்க யாரும் சொல்லல. ஒரு அம்மா ஒரு விரலால ஓட்டைய அடைச்சுக்கிட்டு அடுப்பு ஊதறதப் பாத்தா அதுக்கு மேல ஒப்பாரியே தேவையில்லன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது, அந்த சீன்ல இருந்த பாட்டைத் தூக்கிட்டோம்.

ஸ்மோக் மெஷின் வாடகைக்கு எடுத்திருந்தாங்க, அதயும் வேண்டாம்னுட்டோம். மூடின ஹால்ல அது பரவினா நடிகர்களுக்குத் தொண்டை அடைச்சுக்கும், மொகமும் தெரியாது. புகை கண்ணுல பட்ட மாதிரி அவ கண்ணைத் தொடைக்கறதே போதும். அடுப்புக்குள்ள ஒரு சின்ன மஞ்சள் லைட்டைத் தரையோட வெச்சு அவ மொகத்துக்குக் கீழ இருந்து அடிச்சோம், மட்டை புடிக்காத வரைக்கும் அது எரியாது, நாடகத்துலயே இருக்கற ஒரே வெதுவெதுப்பான வெளிச்சம் அதுதான். கதைப்படி அவ கற்புக்கு பச்சை மட்டை பத்திக்கும், அந்த நேரம் லைட் மெல்ல ஏறுது, பிள்ளைங்க மொகத்துல மஞ்சள் விழுது, அப்பதான் மூளி அலங்காரி வந்து சட்டிய எட்டி ஒதைக்கறா. ஒரு நிமிஷம் ஆசை காட்டிட்டுப் பறிக்கறப்போ ஹாலே "ச்ச"ன்னுச்சு.

மூளி அலங்காரியப் பத்திக் கொஞ்சம். வில்லின்னாலே நம்ம பொண்ணுங்க புருவத்தைத் தூக்கி, இடுப்புல கை வெச்சு, சீரியல் மாதிரி ஆரம்பிச்சிடறாங்க. நான் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டது, "உன் வீட்டுக் குதிருல எவ்ளோ தானியம் இருக்கும்மா?" அவளுக்குத் தெரியல. பஞ்சம் இந்த வீட்டுக்கும் நாளைக்கு வரும், வீட்டுக்காரன் ஊரெல்லாம் வாரிக் குடுக்கறவன், திடீர்னு எட்டுப் பேர் வாசல்ல நிக்கறாங்க, இவளுக்கு பயம். அந்த பயத்துக்கு ஒரு பொருள் குடுத்தோம், ஒரு உழக்கு. நாடகம் முழுக்க அவ கையில ஒரு உழக்கு இருக்கும், பேசறப்போ எல்லாம் தானியத்தை அளந்துக்கிட்டே இருப்பா, கொட்டுவா, திரும்ப அளப்பா. "வாங்க நாத்தனாரே, பிள்ளைங்கல்லாம் சொகமா"ன்னு சாதாரணக் குரல்ல கேக்கறா, கை அளந்துக்கிட்டே இருக்கு. நல்லதங்காள் "மதினி, பிள்ளைங்க மூணு நாளா ஒண்ணும் சாப்பிடல மதினி"ன்னு சொல்றப்போ அளக்கற கை மட்டும் நிக்குது. அவ்ளோதான், பல்லைக் கடிக்க வேண்டியதே இல்ல. ஒரு வாரத்துல அந்தப் பொண்ணு நாடகத்துலயே ரொம்ப பயமுறுத்தற ஆளா மாறிட்டா, ஏன்னா அவள மாதிரி ஒருத்தரை நம்ம எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வரேன். பெரிய பசங்க குழந்தையா நடிக்கறப்போ குரலை மாத்தவே கூடாது, சொந்தக் குரல்லயே பேசுங்க, உக்கார்றதும் பாக்கறதும் மட்டும் பிள்ளையா இருக்கட்டும். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு அலுமினியத் தட்டு குடுத்தோம். முதல்ல எவர்சில்வர் தட்டுதான் வாங்கிட்டு வந்தாங்க, அது லைட் பட்டா பளீர்னு ஆடியன்ஸ் கண்ணுல அடிக்குது, கீழ வெச்சா கோயில் மணி மாதிரி ஓசை வருது. பழைய அலுமினியத் தட்டு மங்கலா இருக்கும், வெச்சா ஒரு மொட்டை சத்தம். அந்தத் தட்டை கிணத்து சீன் வர்ற வரைக்கும் அவங்க கீழ வைக்கவே மாட்டாங்க, நடக்கறப்போ, தூங்கறப்போ, கதவு சாத்தினப்போ, எப்பவும் கையில இருக்கும், தலைகாணியா கூட வெச்சுக்குவாங்க. ஒரு தடவை கூட அதுல சோறு விழாது.

கிணத்துக்கு தெர்மோகோலைத் தூக்கிக் கடாசிட்டோம். மேடையோட முன் விளிம்புதான் கிணத்து விளிம்புன்னு முடிவு பண்ணோம், அப்ப நல்லதங்காள் கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கறப்போ நம்மளத்தான் பாக்கறா, நாமதான் அந்த இருட்டு. பிள்ளை விளிம்புக்கு வரும், தட்டைக் கவுத்து வைக்கும், ஓரமா இருக்கற படி வழியா எறங்கி இருட்டுக்குள்ள போயிடும். தள்ளறது இல்ல, கத்தறது இல்ல. தட்டு கவுறற சத்தம், உடுக்கை ஒரு அடி, அடுத்த பிள்ளை. கி.மு. 431-ல யூரிப்பிடிஸ் மெடியா நாடகத்துல தாய் பிள்ளைகளைக் கொல்றத மேடைக்கு உள்பக்கம்தான் வெச்சாரு, பிள்ளைங்க குரல் மட்டும் வெளிய கேக்கும். அத்தனை வருஷத்துக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்ச விஷயம் இது, கண்ணுக்குக் காட்டினா பாக்கறவன் "எப்படி பண்ணாங்க"ன்னு யோசிப்பான், காட்டலன்னா அவனே அவன் மனசுல பண்ணிக்குவான், அது நம்ம காட்டறத விட எப்பவும் பெருசு.

இதுல பாதுகாப்பு முக்கியம், லேசா எடுத்துக்காதீங்க. இருட்டுல மேடையில இருந்து எறங்கறப்போதான் கால் பெசகும். படி ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல இருட்டுல மினுங்கற டேப் ஒட்டினோம், கீழ ஒருத்தர் கருப்பு டிரஸ்ல சின்ன டார்ச்சோட தரைய மட்டும் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பார், எறங்கற ஒவ்வொருத்தர் கையயும் பிடிச்சு விடுவார். லைட் சவுண்டோட டெக்னிக்கல் ரிகர்சல்ல இந்த ஒரு பகுதிய மட்டும் தனியா, முதல்ல முழு வெளிச்சத்துல, அப்புறம் அரை இருட்டுல, அப்புறம் ஷோ இருட்டுலன்னு படிப்படியா போனோம்.

மூத்த பையன் மட்டும் கதையில தப்பிச்சு ஓடப் பாப்பான், மாடு மேய்க்கற பசங்ககிட்டப் போய்க் காப்பாத்துங்கன்னு கெஞ்சுவான். ஸ்கிரிப்ட்ல அவனுக்கு ஒரு பக்க வசனம் இருந்துச்சு, தாய்ப்பாசம், விதி, கடவுள்னு. ஒருநாள் சும்மா இம்ப்ரொவைஸ் பண்ணலாம்னு அந்தப் பையனயும் அம்மாவா நடிச்ச பொண்ணயும் மட்டும் நிக்க வெச்சு, வசனத்தை மறந்துட்டு உனக்கு என்ன தோணுதோ அத சொல்லுன்னோம். அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அவ கைய நீட்டறா, இவன் தட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் பின்னாடி ஒரு அடி வெச்சான். அப்புறம் மெதுவா, "எனக்குப் பசிக்கலம்மா"ன்னான். "நெஜமாத்தான்மா, பசிக்கவே இல்ல."

அறையில ஒருத்தரும் பேசல. ஒரு பக்க வசனத்தையும் அடிச்சுட்டு இந்த ரெண்டு வரிய மட்டும் வெச்சோம். இங்கதான் அடுப்படியில போட்ட நாலு நிமிஷம் வட்டியோட திரும்பி வந்துச்சு, அந்தப் பையன் அவ்ளோ நேரம் கண்ணாலயே பசிச்சுக்கிட்டு இருந்ததப் பாத்தவங்களுக்கு அவன் சொல்றது பொய்னு தெரியும், எதுக்கு சொல்றான்னும் தெரியும். அடுப்படி சீன் பழையபடி ஒரு நிமிஷமா இருந்திருந்தா இந்த வரி சும்மா ஒரு டயலாக்காப் போயிருக்கும்.

சிரிப்புப் பிரச்சனைக்குக் கூத்துலயே மருந்து இருக்கு, கட்டியங்காரன், கூத்தை நடத்திக்கிட்டுப் போற கோமாளி. அவன் முதல் பத்து நிமிஷம் நல்லா சிரிக்க வைக்கட்டும், காலேஜ் கேண்டீன், ஹாஸ்டல் சாம்பார் எல்லாத்தையும் இழுக்கட்டும், பஞ்சத்தைப் பத்தியே ஜோக் அடிக்கட்டும். ஆடியன்ஸ் சிரிச்சுத் தீர்த்துட்டா அப்புறம் அமைதியா உக்காருவாங்க. அடுப்படி சீன் ஆரம்பிக்கறப்போ அதே கட்டியங்காரன் ஒரு ஜோக்கை ஆரம்பிச்சு, பிள்ளைங்களைப் பாத்துட்டு, முடிக்காம ஓரமா போய் உக்காந்துடறான். அவன் நிறுத்தினதும் ஹாலும் நிறுத்திடுச்சு. ஷோ அன்னைக்குக் கிணத்து சீன்ல ஒரு விசில் இல்ல.

சத்தத்துல லேப்டாப் மியூசிக்கை மொத்தமா எடுத்துட்டோம். உடுக்கை மட்டும். இடுப்புக் கயித்தை அமுக்கி விட்டா சுருதி ஏறி எறங்கும், ஒரு ஆள் பெருமூச்சு விடற மாதிரியே வாசிக்கலாம். பறையும் வெக்க ஆசைதான், ஆனா தோலைக் காய்ச்ச ஹாலுக்குள்ள நெருப்பு மூட்ட முடியாது, சூடு காட்டலன்னா தோல் தொய்ஞ்சு போயிடும், அதனால விட்டுட்டோம். ஒப்பாரி ஒரே ஒரு இடத்துல, கடைசியில, நல்லதம்பி வந்து கவுந்து கெடக்கற தட்டுகளப் பாக்கறப்போ. அதயும் முதல்ல சினிமாப் பாட்டு மாதிரி பாடினாங்க. ஒப்பாரியில வரிக்கு வரி மூச்சு வாங்கற இடம்தான் அழுகை, அத ஒழுங்கா விட்டுப் பாடினாலே போதும், குரலை நடுங்க வைக்க வேண்டாம்.

குரல் பத்தி ஒரு முக்கியமான விஷயம், மெதுவாப் பேசச் சொன்னதும் எல்லாரும் வார்த்தைக் கடைசிய முழுங்க ஆரம்பிச்சிட்டாங்க. தமிழ்ல பாதி அர்த்தம் கடைசி எழுத்துலதான் இருக்கு, பசிக்குது, பசிக்கல, ரெண்டுக்கும் முன்பாதி ஒண்ணுதான். அதனால இருட்டு ரன்னு ஒண்ணு பண்ணோம், லைட் எல்லாம் அணைச்சுட்டு ஒரு ஆள் கடைசி வரிசையில கண்ணை மூடி உக்காந்து கேப்பார், எந்த வரி புரியலையோ அங்க கை தட்டுவார், அந்த வரிய உடனே திரும்ப சொல்லணும், சத்தத்தை ஏத்தாம, கடைசி எழுத்தை முழுசா விட்டு. சலிப்பா இருக்கும், ஆனா இதுக்கு நிகரா எதுவும் இல்ல. மைக் மேல பாரத்தைப் போடாதீங்க, தொங்கற மைக் தட்டு சத்தத்தைத்தான் முதல்ல பிடிக்கும்.

குறிப்பு சொல்றதுலயும் ஒரு ஒழுங்கு வேணும். ரன் முடிஞ்சதும் எல்லாரும் எல்லாருக்கும் கருத்து சொல்ல ஆரம்பிச்சா நடிகர் குழம்பிப் போயிடுவார். ஒரே ஆள்தான் சொல்லணும், ஆளுக்கு மூணுக்கு மேல கூடாது, எழுதிக் குடுக்கணும், "இன்னும் ஃபீல் பண்ணு"ன்னு சொல்லவே கூடாது. "சட்டி ஒதைபட்டதும் ஒடனே அழாத, முதல்ல கஞ்சி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு"ன்னு சொன்னா அவங்களால செய்ய முடியும். அந்தக் குறிப்பு நல்லதங்காளுக்கு நெஜமாவே குடுத்தது, அவ கஞ்சி ஓடற பக்கம் பாத்தா, பிள்ளைங்களும் பாத்தாங்க, ஒரு பையன் தட்டை அங்க கொண்டு போனான்.

இந்த மாதிரி கதை நடிக்கறவங்களைப் பாத்துக்கணும், இத நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். தினமும் ரிகர்சல் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம், தட்டை எல்லாம் ஒரு சாக்குல போட்டுக் கட்டி, மூஞ்சி கழுவி, வட்டமா உக்காந்து அவங்கவங்க சொந்தப் பேரைச் சொல்லி, இன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறேன்னு ஒரு வரி சொல்லணும். அம்மாவா நடிச்ச பொண்ணுக்கு ரெண்டு மூணு நாள் தூக்கம் சரியில்லன்னு சொன்னா, அந்த வாரம் கிணத்து சீனை அவள வெச்சு ஓட்டவே இல்ல, வேற ஒருத்தி நின்னு மத்தவங்களுக்கு ரிகர்சல் நடந்துச்சு. பாக்க வர்றவங்களும் இருக்காங்க. தாயும் பிள்ளையும் கிணத்துல விழுந்த செய்தி நம்ம பேப்பர்ல இப்பவும் வருது, ஹால்ல உக்காந்திருக்கற யாரோ ஒருத்தர் வீட்ல நடந்திருக்கலாம். நாடகத்துல என்ன வரும்னு நுழைவாயில்லயே எழுதி வெச்சோம், கீழ அரசாங்கத்தோட 104 உதவி நம்பரும் போட்டோம், நடுவுல எந்திரிச்சு வெளிய போறவங்களுக்குக் கதவோரமா ஒரு மேடம் நின்னாங்க. நல்லதங்காள் குதிச்சத தியாகமாக் காட்டாதீங்க, கதவு திறந்திருந்தா நடந்திருக்காதுங்கறது ஒவ்வொரு சீன்லயும் தெரியணும்.

முடிவுக்குப் பெரிய வாக்குவாதம். சாமி வந்து எழுப்பறது பழசா இருக்குன்னு முதல் ஸ்கிரிப்ட்ல வெட்டியிருந்தாங்க. எனக்கு அது இருக்கணும்னு தோணுச்சு, ராத்திரி முழுக்க கூத்து பாத்த ஜனங்க விடியக்காலையில மங்களம் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க, பாரத்தை அங்கயே எறக்கி வெச்சுட்டுப் போறதுக்கு ஒரு வழி அது. ஆனா மேடையில லைட் போட்டு சிவன் வேஷத்தோட வந்தா அதுவரைக்கும் கட்டினது கலைஞ்சிடும். கடைசியில கட்டியங்காரன் மட்டும் வந்து, "கதையில சாமி வந்தாரு, எழுப்பினாரு"ன்னு பாடறான், ஹால் லைட் ஏறுது, ஆடியன்ஸுக்குப் பின்னாடி இருந்து ஏழு பேரும் சாதாரணமா நடந்து வந்து அவங்கவங்க தட்டை எடுத்துக்கறாங்க. நம்பறவங்க நம்பிக்கலாம், இல்லாதவங்களுக்கு அது நடிகர்கள் வணக்கம் சொல்ல வர்றதாத் தெரியும்.

ரெண்டாவது ஷோவுக்கு முன்னாடி புதுசா எதையும் சேக்காதீங்க. முதல் ஷோ நல்லாப் போச்சுன்னா எல்லாருக்கும் கை அரிக்கும், நல்லதங்காள் இன்னும் கொஞ்சம் அழலாம், உடுக்கை இன்னும் ரெண்டு அடி அடிக்கலாம்னு தோணும். ஸ்டேஜ் மேனேஜர் கையில ஒரு ஸ்டாப்வாட்ச் குடுத்து ஒவ்வொரு சீனும் எவ்ளோ நேரம் ஓடுதுன்னு ரெண்டு ஷோலயும் எழுதச் சொல்லுங்க. எங்களுக்கு ரெண்டாவது ஷோல கிணத்து சீன் ஒரு நிமிஷம் நீண்டு போயிருந்துச்சு, பசங்க தட்டை வைக்கறதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு பெருமூச்சு சேத்திருந்தாங்க. மூணாவது ஷோக்கு அந்தப் பெருமூச்சு எல்லாத்தையும் எடுத்துட்டோம், அடுப்படி நேரத்துல மட்டும் யாரையும் கை வைக்க விடல.